கட்டுப்பாட்டுக்கும் ஓர் அளவு உண்டு

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கடும் நியுமோனியாவுடன் ஒருவர் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டு, அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "சீனி கூடியிருக்கிறது; இன்சுலின் ஏற்றுகிறோம்" என்கிறார் தாதி. "எங்கப்பாவுக்குச் சீனி வருத்தமே கிடையாதே!" என்று பிள்ளைகள் பதறுகின்றனர்.

நீரிழிவு இல்லாதவருக்கும் இது நேரலாம். கடும் நோயோ பெருங்காயமோ உடலைத் தாக்கும்போது அட்ரினலின், கோர்ட்டிசோல் போன்ற ஹோர்மோன்கள் பெருகுகின்றன. அவற்றின் தூண்டுதலால் ஈரல் குளுக்கோசை இரத்தத்தில் விடுகிறது. அதே வேளையில் இன்சுலினின் ஆற்றல் மங்குகிறது. சிகிச்சைக்காகக் கொடுக்கும் ஸ்டீரொயிட் மருந்துகளும் சீனியைக் கூட்டும். இப்படி மிகையாகும் சீனி வெண்குருதிக் கலங்களின் போராற்றலைக் குறைக்கும், கிருமித்தொற்றுக்கு வழிவிடும், சிறுநீரோடு உடல்நீரையும் வெளியேற்றும்.

அப்படியானால், சுகதேகிக்கு இருக்கும் அளவுக்கே அதைக் குறைத்துவிட்டால் என்ன? பெல்ஜியத்தின் லூவன் நகரில் வைத்தியர் கிரீட் வான் டென் பெர்கே தலைமையிலான குழு இதனைச் செய்து பார்த்தது. 2001இல் வெளியான அந்த ஆய்வில், பெரும்பாலும் சத்திரசிகிச்சைக்கு உட்பட்ட 1548 நோயாளர் இடம்பெற்றனர். சீனியை 80 முதல் 110 மில்லிகிராமுக்குள் வைத்திருந்தோரிடையே, அப்பிரிவில் நிகழ்ந்த மரணம் 8 சதவீதத்திலிருந்து 4.6 சதவீதமாகக் குறைந்தது. உலகெங்கும் பல வைத்தியசாலைகள் இம்முறையைப் பின்பற்றத் தொடங்கின.

ஆனால் 2009இல் வெளியான 'நைஸ் சுகர்' ஆய்வு வேறொன்றைச் சொன்னது. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா முதலிய நாடுகளைச் சேர்ந்த 6104 நோயாளர் இதில் அடங்கினர். இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டோரில் 27.5 சதவீதமானோர் 90 நாட்களுக்குள் இறந்தனர். 180 வரை விட்டுவைத்தோரில் அது 24.9 சதவீதமே. சீனி 40 அல்லது அதற்குக் கீழே இறங்கும் ஆபத்து முதல் தொகுதியில் 6.8 சதவீதம், மற்றதில் 0.5 சதவீதம்.

சீனி இறங்கினால் நமக்கு வியர்க்கும், கை நடுங்கும், பசிக்கும். உடனே இனிப்பாக ஏதாவது குடிப்போம். மயக்க மருந்தில், சுவாச இயந்திரத்தோடு கிடப்பவரால் "தலை சுற்றுகிறது" என்று சொல்ல முடியுமா? குளுக்கோசையே பெரிதும் நம்பியிருக்கும் மூளை, எவரும் அறியாமல் பாதிக்கப்படலாம்.

எனவே இன்று பொதுவாகப் பின்பற்றப்படுவது நடுவழி. சீனி 180ஐத் தாண்டி நிலைத்தால் இன்சுலின் தொடங்குவர். பின்னர் 140க்கும் 180க்கும் இடையில் வைத்திருக்க முயல்வர். ஊசிப் பம்பு மூலம் இன்சுலின் துளித்துளியாகச் செல்லும். அளவு நிலைபெறும்வரை ஏறத்தாழ மணிக்கொரு தடவை சோதிப்பர். இரத்த அழுத்தம் வீழ்ந்து விரல்கள் குளிர்ந்திருந்தால் விரல் நுனி இரத்தம் பிழையான அளவைக் காட்டக்கூடும். ஆகவே நாடியிலிருந்து எடுத்த இரத்தத்தையே நம்புவர். இத்தனைக்கும் ஓயாது விழித்திருக்கும் தாதியர் வேண்டும்.

ஆகவே, "160 இருக்கிறது" என்று கேட்டு உறவினர் அஞ்ச வேண்டியதில்லை. அவர்கள் செய்ய வேண்டியவை வேறு. நோயாளி பாவித்த குளிசைகளையும் கிளினிக் கொப்பியையும் மறவாமல் எடுத்துச் செல்ல வேண்டும். கேட்காமல் எதையும் ஊட்டக் கூடாது. குணமாகி வீடு திரும்பிய பின்னர் மீண்டும் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். நோயின்போது மட்டும் கூடிய சீனியா, அதுவரை அறியப்படாதிருந்த நீரிழிவா என்பது அப்போதுதான் தெளிவாகும். கொழுந்து நாட்சம்பளத்தை இழந்து, பஸ் ஏறிக் கிளினிக் போவது தோட்டத்துக் குடும்பங்களுக்கு இலகுவல்ல. ஆனாலும் அந்த ஒரு பயணத்தைத் தவறவிடாதிருக்கச் செய்வது, படித்த பிள்ளைகளாகிய எமது பொறுப்பு.