காது கேட்கிறது, பேச்சு புரியவில்லை!

பெங்களூரு: மெஜஸ்டிக் என்று மக்கள் அழைக்கும் கெம்பேகவுடா பேருந்து நிலையத்தில், மாலை நேரத்தில் அருகில் நிற்பவரிடம் வழி கேட்டுப் பார்க்கலாம். பதில் வரும், ஆனால் பேருந்துகளின் உறுமலும் ஹாரன் ஒலியும் அதில் பாதியை விழுங்கிவிடும். செவித்திறன் குன்றாதவர், கேட்ட பாதியைக் கொண்டு மீதியை ஊகித்துக் கொள்கிறார். குன்றியவரோ தலையை மட்டும் அசைத்துவிட்டு நகர்கிறார். வீட்டில் நால்வர் கூடிப் பேசும்போதும் அவருக்கு இதே நிலைதான். "காது கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்பதுதான் புரியவில்லை" என்பது செவிப் பரிசோதனைக்கு வருவோரின் வழக்கமான முறையீடு.

ஆனால் அவர் பரிசோதிக்கப்படும் இடமோ ஒலி புகாத அறை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மெல்லிய 'பீப்' ஒலி கேட்டதும் கையை உயர்த்த வேண்டும். எத்தனை டெசிபலில் கேட்கத் தொடங்குகிறது என்பதை இது கூறும். சந்தையிலும் வகுப்பறையிலும் தொழிற்கூடத்திலும் பேச்சைப் பின்தொடர முடியுமா என்பதைக் கூறாது. ஒரே அளவு இழப்புள்ள இருவரில் ஒருவர் இரைச்சலில் சமாளிப்பதும் மற்றவர் தடுமாறுவதும் உண்டு.

பேச்சுக்கு ஓசை வலிமை தருபவை உயிரொலிகள். பொருளைப் பிரித்துக் காட்டுவதில் பெரும்பங்கு மெய்யொலிகளுக்கே. கடை, தடை, படை ஆகிய சொற்கள் முதல் மெய்யால் மட்டுமே வேறுபடுகின்றன. நொடிப்பொழுதுகூட நீடிக்காத அந்த மெல்லிய ஒலியைத்தான் இரைச்சல் முதலில் மூடுகிறது.

இதை அளக்கத் தனிச் சோதனை இருக்கிறது. பலர் ஒரே நேரத்தில் பேசும் சந்தடியைப் பின்னணியில் ஒலிக்கவிட்டு, வாக்கியங்களைத் திருப்பிச் சொல்லச் செய்கின்றனர். வாக்கியத்திற்கு வாக்கியம் பின்னணி ஓங்கிக்கொண்டே போகும். பரவலாகப் பயன்படும் ஆங்கிலச் சோதனை ஒன்றில், இயல்பான செவியுடையோர், பேச்சு பின்னணியைவிட 2 டெசிபல் உயர்ந்திருந்தாலே பாதிச் சொற்களைப் பிடித்துவிடுகின்றனர். அதற்கும் மேலாக 15 டெசிபல் தேவைப்படுவோரும் உள்ளனர். சோதனைக்குச் சில நிமிடங்களே போதும்.

கன்னடத்தில் இத்தகைய வாக்கியத் தொகுப்பு 2010ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. இத்துறையில் நாட்டின் முதன்மையான மையம் மைசூரில், மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் 1965இல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் ஆகும். பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனையிலும் இதற்கெனத் தனித்துறை இயங்குகிறது. அறிவுக்குப் பஞ்சமில்லை.

சிக்கல் மொழியில் இருக்கிறது. ஒரு மொழியின் சோதனையை அப்படியே பெயர்த்து மற்றொன்றில் பயன்படுத்த இயலாது. சொற்கள் கேட்பவருக்குப் பழகியவையாகவும், வாக்கியங்கள் கடினத்தில் சமமாகவும் இருத்தல் வேண்டும். செவி பழுதற்றவரும் இரண்டாம் மொழியில் கேட்கும்போது இரைச்சலில் அதிகம் தவறவிடுகிறார். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி பெங்களூரு நகர மாவட்டத்தில் கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் பாதிக்கும் குறைவு. தமிழர் சுமார் 15 சதவீதம். தெலுங்கு, உருது பேசுவோரும் கணிசம். இவர்களை ஆங்கிலத்தில் சோதித்தால் அளக்கப்படுவது செவியா, மொழியறிவா? தமிழிலும் வாக்கியச் சோதனைகளை ஆய்வாளர்கள் உருவாக்கியுள்ளனர். ஆனால் ஆய்வேட்டில் இருப்பதும் அரசு மருத்துவமனை மேசையில் இருப்பதும் ஒன்றல்ல.

சட்டமோ டெசிபலோடு நின்றுவிடுகிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, இரு செவிகளிலும் பேச்சு அலைவரிசைகளில் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்புள்ளவர் செவித்திறன் குறைந்தவர். 70 டெசிபல் இழப்புள்ளவர் காது கேளாதவர். இரைச்சலில் எவ்வளவு புரிகிறது என்ற கேள்வி இந்த வரையறையில் இல்லை.

இதனால் இழப்பவர் யார்? பீன்யா தொழிற்பேட்டையில் ஆண்டுக்கணக்கில் பிரஸ் எந்திரத்தின் முன் நிற்பவரை எடுத்துக்கொள்வோம். எந்திர ஓசை முதலில் பறிப்பது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய மேல் ஒலிகளை. கீழ் ஒலிகள் நன்றாகக் கேட்பதால் அவரது சராசரி இழப்பு பெரும்பாலும் 60ஐ எட்டாது. மேற்பார்வையாளர் சொல்வது புரியாது. சட்டத்தின் கண்ணில் அவருக்குக் குறையே இல்லை. இத்தனைக்கும், இரைச்சலால் ஏற்படும் செவித்திறன் இழப்பு 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் நோய்ப் பட்டியலிலேயே இடம்பெற்றிருந்தது.

இரைச்சலைக் குறைக்கும் விதிகளும் உள்ளன. 2000ஆம் ஆண்டு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், மருத்துவமனை, பள்ளிகளைச் சுற்றி 50 டெசிபல்தான் வரம்பு. நேருக்கு நேர் பேசும் குரல் சுமார் 60 டெசிபல். வரம்பு காக்கப்பட்டால் பேச்சு மேலோங்கி நிற்கும். பெங்களூரு சாலைகளில் நடந்தவர்களுக்கு நிலவரம் தெரியும்.

வேறு நாடுகள் எளிய வழி கண்டுள்ளன. நெதர்லாந்தில் 2000களின் தொடக்கத்திலேயே, இரைச்சலுக்கிடையே மும்மூன்று எண்களைத் தொலைபேசியில் ஒலிக்கச் செய்து, கேட்டதை அழுத்தச் சொல்லும் சோதனை வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட கைபேசிச் செயலியும் இதே முறையிலானது. எண்கள் எழுத்தறியாதவருக்கும் தெரிந்தவை. காது கேளாமைத் தடுப்புக்கென மத்திய அரசு 2007இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ், அவற்றைக் கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் உருதுவிலும் பதிவு செய்து தர ஆகும் செலவு, ஓர் ஒலி புகாத அறை கட்டும் செலவைவிட அதிகமாக இருக்கப் போவதில்லை.