தேதி எழுதாத கோபுரம்

கல்வெட்டு இல்லை, கட்டிய கணக்கும் இல்லை. அப்படியொரு பழைய கட்டடத்தின் வயதை எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்த நல்ல பதில் ஒன்று இங்கிலாந்தில், ஹம்பர் ஆற்றின் தென்கரையில், பார்ட்டன் என்கிற சிற்றூரில் இருக்கு. அங்கே செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்தின் கோபுரம்.

கோபுரத்துக்கு மூன்று நிலை. கீழ்ப் பகுதியில் சுவரை ஒட்டி மெல்லிய கல் பட்டைகள் துருத்திக்கொண்டு நிற்கும். கீழ் வரிசையில் அவை அரைவட்ட வளைவாக முடியும், மேல் வரிசையில் முக்கோணமாக. உச்சி நிலையில் இந்தப் பட்டையே கிடையாது.

1066ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதற்கு முந்தைய சாக்சன் காலக் கட்டடங்களில் எது மிச்சம் என்பதில் வெகுகாலம் ஒரே குழப்பம். அரைவட்ட வளைவைப் பார்த்தாலே 'சாக்சன்' என்றுவிடுவார்கள். அதில் பெரும்பாலானவை நார்மன் வேலை. இதைப் பிரித்துக் காட்டியவர் தாமஸ் ரிக்மன். லிவர்பூலில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டே தேவாலயங்களைத் தானாகப் படித்தவர்.

1819ல் அவர் வைத்த வாதம் ரொம்ப எளிமையானது. உச்சி நிலை தொடக்ககால நார்மன் பாணி. கீழ் நிலை இல்லாமல் மேல் நிலை எழும்பாது. கீழே இருப்பதோ முற்றிலும் வேறு பாணி. ஆக, அது நார்மன்களுக்கு முந்தையது.

நம்ம தொழில் பாஷையில் சொன்னால், டைம்ஸ்டாம்ப் இல்லாத ஒரு லாக் ஃபைல். ஒரே ஒரு வரியின் காலம் தெரிந்தாலும், அதற்கு முந்தைய வரிகளுக்கு ஒரு எல்லை கிடைச்சிடும். ஆனா எவ்வளவு முந்தையது என்பதை வரிசை மட்டும் சொல்லாது.

1972ல் இங்கே வழிபாடு நின்றது. 1978 முதல் 1984 வரை வார்விக் ராட்வெல் குழு உள்ளேயும் வெளியேயும் தோண்டியது. கோபுரத்துக்குக் கிழக்கே, தரைக்கடியில், சிறிய பீட அறையின் அடித்தளம் கிடைத்தது. மேற்கே இருந்த சிறிய அறை இன்னும் நிற்கிறது. ஞானஸ்நானத்துக்கானது என்று கருதுகிறார்கள். அப்படியானால் கோபுரத்தின் அடித்தளமே மக்கள் கூடிய கூடம்! காலம், 10ம் நூற்றாண்டின் இறுதிவாக்கு. இன்று கிழக்கே தெரியும் பெரிய கூடமெல்லாம் பிற்காலச் சேர்க்கை.

தோண்டியதில் சுமார் 2,800 பேரின் எலும்புகளும் வந்தன. ஒன்பது நூற்றாண்டு ஊர்க்காரர்கள். ஆய்வு முடிந்து 2007ல் அவர்களை அதே தேவாலயத்துக்குள் கொண்டுவந்து வைத்தார்கள்.

அடுத்த முறை ஒரு பழைய சுவர் முன்னால் நின்றால், எது எதன் மேல் உட்கார்ந்திருக்கு என்று முதலில் பாருங்கள். வயசை அப்புறம் கேட்கலாம்.