உங்களுக்குத் தெரியுமா? மேடையை விட்டபின் பிறந்த பீட்டில்ஸ் ஆல்பம்

1966 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கச்சேரியோடு பீட்டில்ஸ் குழு ஊர் ஊராகப் போய்ப் பாடுவதை நிறுத்திக்கொண்டது. ரசிகர்களின் கூச்சலில் அவர்கள் பாடுவது அவர்களுக்கே கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒலிப்பதிவுக் கூடத்திலேயே மாதக்கணக்கில் உட்கார்ந்து உருவாக்கியதுதான் 1967இல் வெளிவந்த 'சார்ஜென்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்'.

● லண்டன் ஈ.எம்.ஐ. கூடத்தில் அப்போது இருந்தவை நான்கு தட ஒலிப்பதிவுக் கருவிகளே. நான்கு தடங்களும் நிரம்பியதும் அவற்றைக் கலந்து இன்னொரு நாடாவுக்கு மாற்றி, காலியான தடங்களில் புதிய ஒலிகளைச் சேர்த்தார்கள். இதை வழிநடத்தியவர் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின்.

● கடைசிப் பாட்டுக்காக 40 பேர் கொண்ட வாத்தியக் குழுவை வரவழைத்தார்கள். தாழ்ந்த சுரத்தில் தொடங்கி உச்சிக்கு ஏறுங்கள், வேகம் அவரவர் விருப்பம் என்பதே அவர்களுக்குச் சொல்லப்பட்டது.

● பாடல் வரிகள் முழுவதும் பின்னட்டையில் அச்சிடப்பட்டன. ராக் ஆல்பங்களில் அது அன்று புதுமை.

● அட்டைப்படத்தில் பரமஹம்ச யோகானந்தர் இருக்கிறார். காந்தியின் உருவமும் முதலில் இருந்தது. இந்தியாவில் எதிர்ப்பு வரும் என்று அஞ்சிய ஈ.எம்.ஐ. நிறுவனம் அதை எடுக்கச் சொல்லிவிட்டது.

● ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதை வென்ற முதல் ராக் ஆல்பம் இதுவே. 1968இல் நடந்த அதே விழாவில், பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனுக்குச் சிதார் குருவான ரவிசங்கரும் வயலின் மேதை மெனுஹினுடன் சேர்ந்து ஒரு கிராமி பெற்றார்.