பேஸ் கிடார் இல்லாத ராக் பேண்ட்!

பேஸ் கிடார் ஆளே இல்லாம ராக் பேண்ட் நடத்த முடியுமா? நடத்திக் காட்டினார் ஆல்பர்டோ ரேடியஸ். 1942-ல் ரோமில் பிறந்த கிடாரிஸ்ட். இவரோட 'ஃபார்முலா 3' பேண்டில் மொத்தமே மூணு பேர்தான். கிடாருக்கு ரேடியஸ், டிரம்ஸுக்கு டோனி சிக்கோ, கீபோர்டுக்கு கேப்ரியேலே லொரென்ஸி. பேஸ் வேலையையும் சேர்த்து ஆர்கன் தலையில் கட்டிட்டாங்க! ட்யூன் போட்டுக் கொடுத்தவரோ இத்தாலியே கொண்டாடிய லூச்சியோ பத்திஸ்தி. ஹிட் அடிக்கக் கேட்கணுமா?

1973-ல் பேண்ட் கலைஞ்சது. அடுத்த வருஷமே 'இல் வோலோ'ன்னு புது கோஷ்டி. (அதே பேர்ல பின்னாடி வந்த மூணு பாடகர்கள் வேற பாஸ், குழப்பிக்காதீங்க!) ரெண்டே ஆல்பம், அதுவும் காலி.

ஆனா மனுஷன் கிடாரைக் கீழே வைக்கலை. சோலோ ஆல்பங்கள், மத்தவங்களுக்கு வாசிப்பு, தயாரிப்பு, மிலானில் சொந்த ஸ்டுடியோ. ஃபிராங்கோ பத்தியாட்டோவின் 1981 ஆல்பம் 'லா வோச்சே டெல் பத்ரோனே' பதிவானது அங்கேதான், கிடாரும் இவரே. இத்தாலியில் 10 லட்சம் பிரதிகளைத் தாண்டிய முதல் எல்.பி. அதுதான்.

2023 பிப்ரவரியில், 80 வயதில் காலமானார். கேட்கணும்னா 1972-ல் வந்த 'சொன்யாண்டோ எ ரிசொன்யாண்டோ'வில் ஆரம்பிங்க. ஹெட்போன் கட்டாயம்!