சுற்றி வரும் எண்

1,42,857. இந்த எண்ணைப் படியுங்கள். ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பத்தேழு. பெரிய எண்தான். பயப்பட வேண்டாம். தாளும் பென்சிலும் எடுங்கள். பெருக்கிப் பாருங்கள்.

2 ஆல் பெருக்கினால் 2,85,714
3 ஆல் பெருக்கினால் 4,28,571
4 ஆல் பெருக்கினால் 5,71,428
5 ஆல் பெருக்கினால் 7,14,285
6 ஆல் பெருக்கினால் 8,57,142

எல்லா விடைகளிலும் அதே 1, 4, 2, 8, 5, 7 தான். வரிசையும் குலையவில்லை. செக்குமாடு போல அதே பாதையில் சுற்றுகின்றன. தொடங்கும் இடம் மட்டும் மாறுகிறது. 7 ஆல் பெருக்கினால்? 9,99,999!

இது எப்படி நடக்கிறது? 10 லட்சம் ரூபாயை 7 பேருக்குச் சமமாகப் பங்கிடுங்கள். ஆளுக்கு 1,42,857 ரூபாய் கிடைக்கும். 1 ரூபாய் மிஞ்சும். வகுக்கும்போது ஒவ்வொரு படியிலும் வரும் மீதியைக் கவனியுங்கள். 3, 2, 6, 4, 5, 1 என்று வரும். மேலும் வகுத்தால் மறுபடியும் 3, 2 என்று அதே மீதிகள் வரும். மீதி சுற்றுவதால் விடையின் இலக்கங்களும் சுற்றுகின்றன.

இலக்கங்கள் அவையேதான். ஆனால் இடம் மாறினால் மதிப்பு மாறிவிடும். ஒருவர் வாங்கிய கடன் 1,42,857 ரூபாய். பத்திரத்தில் 8,57,142 என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? 7,14,285 ரூபாய் அதிகமாகிவிடும். அதிலும் அதே ஆறு இலக்கங்கள்!

அதனால் கையெழுத்துப் போடும் முன் தொகையை வாய்விட்டுப் படியுங்கள். எண்ணால் எழுதியதும் எழுத்தால் எழுதியதும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். திருத்தச் சொல்லுங்கள்.