முதல் நாள் பணப்பையைத் திறக்காதீர்கள்

சரக்கு எடுக்க முதன்முறையாக வெளிநாடு போகும் இளம் வியாபாரிகள் என்னிடம் கேட்பார்கள்: "நானா, போய் இறங்கியதும் முதலில் என்ன செய்வது?" நான் சொல்லும் பதில் ஒன்றுதான். நன்றாக நடந்து பாருங்கள், வயிறாரச் சாப்பிடுங்கள், பணப்பையை மட்டும் திறக்காதீர்கள். இது நான் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்.

2006 ஒக்டோபரில் சீனாவின் குவாங்சோ நகருக்குப் போனேன். 1957 முதல் ஆண்டுக்கு இரு தடவை பெரும் வர்த்தகக் கண்காட்சி நடக்கும் நகரம் அது. ஹட்டனில் எங்கள் கடைக்கு டிசம்பர் முதல் மே வரையுள்ள சிவனொளிபாதமலைப் பருவகாலம்தான் பிழைப்பு. டோர்ச் லைட், கம்பளித் தொப்பி, சுடுதண்ணீர் பிளாஸ்க் எல்லாம் அப்போதுதான் ஓடும். பிளாஸ்க்கைத் தோட்டத்து மக்களும் வாங்குவார்கள். நான் கொண்டுபோன பணத்தில் பாதி மனைவியின் நகையை அடகு வைத்து எடுத்தது.

காலையில் இறங்கியதுமே ஒரு தரகர் என்னை ஒரு களஞ்சியத்துக்கு அழைத்துப் போனார். பளபளக்கும் பிளாஸ்க். புறக்கோட்டை மொத்த விலையில் பாதியும் இல்லை. "இன்றே முற்பணம் கட்டினால்தான் இந்த விலை" என்றார். கை சட்டைப்பைக்குப் போய்விட்டது. பசிதான் என்னைக் காப்பாற்றியது. "சாப்பிட்டுவிட்டு நாளை வருகிறேன்" என்று சொல்லி, மாதிரிக்கு ஒரு பிளாஸ்க்கை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

லுஹர் தொழுகைக்கு ஹுவாய்ஷெங் பள்ளிவாசலுக்குப் போனேன். சீனாவின் மிகப் பழைய பள்ளிவாசல்களில் அதுவும் ஒன்று. ஏறக்குறைய 36 மீட்டர் உயரமான அதன் மினாராவுக்கு 'ஒளிக் கோபுரம்' என்று பெயர். கடல்வழி வந்த நம் முன்னோடி வணிகர்களின் நினைவு வந்தது.

பிறகு பச்சைப் பலகையில் அரபு எழுத்து தெரிந்த ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தேன். ஹலாலுக்கு அங்கே 'சிங்ஜென்' என்பார்கள். ஒரு பையன் மாவைக் கையாலேயே இழுத்து இழுத்து நூல் நூலாக்கி, கொதிக்கும் மாட்டிறைச்சிச் சூப்பில் போட்டுத் தந்தான். பாஷை தெரியாது. விரலைக் காட்டியே வயிறு நிறைந்தது. புறப்படும்போது என் பிளாஸ்க்கில் கொதிநீர் ஊற்றித் தரச் சைகை காட்டினேன். சற்று நேரத்தில் அதன் வெளிப்புறம் கையில் சுட்டது. அப்போதே ஒரு சந்தேகம்.

பின்னேரம் தேயிலைக் கடைத் தெருவைச் சுற்றினேன். வாங்குமுன் ஊற்றிக் கொடுத்துக் குடிக்கச் சொல்கிறார்கள். ஊற்றும்போது மேசையை விரலால் மெல்லத் தட்டினால் அதுதான் நன்றி. அந்த ஊர்ப் பேச்சில் தேயிலைக்குச் 'சா' என்று பெயர். அயல் மாகாணமான புகியனில் 'தே'. நம் 'தேயிலை'யில் இருப்பது அந்தத் 'தே'தான். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். நம் மலைநாட்டுத் தேயிலை வர்த்தகம் தொடங்கியது அங்கேதான்.

இரவுச் சாப்பாட்டுக்கு அதே கடைக்குத் திரும்பிப் பிளாஸ்க்கைத் திறந்தேன். ஐந்து மணித்தியாலம்கூட ஆகவில்லை, தண்ணீர் வெதுவெதுப்பு. மலையில் கொழுந்து பறிக்கும் தாய்மார் விடியற்காலையில் ஊற்றிய தேத்தண்ணியைப் பத்து மணிக்குக் குளிரில் நின்று குடிப்பவர்கள். இந்தச் சாமானை அவர்களிடம் விற்றிருந்தால் நகை மட்டுமல்ல, லயங்களில் என் கடைக்கிருந்த பெயரும் போயிருக்கும்.

அடுத்த மூன்று நாட்களும் கடை கடையாகக் கொதிநீர் ஊற்றிப் பார்த்தேன். கடைசியில் சற்றுக் கூடிய விலைக்கு நல்ல சரக்கு கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ், வெசாக்குக்கு முன்பே நகையை மீட்டுவிட்டேன்.

இளைஞர்களே, இரண்டு சுவர்களுக்கு நடுவே காற்றில்லாத வெற்றிடம் இருப்பதால்தான் பிளாஸ்க் சூட்டைக் காக்கிறது. கொதிநீர் ஊற்றியதும் வெளிப்புறம் சூடேறினால் அதை வாங்காதீர்கள். எந்தச் சரக்கானாலும் இரு தரப்பும் கையொப்பமிட்ட மாதிரி ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி வந்ததும் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இன்று கைத்தொலைபேசியிலேயே தொழிற்சாலையைக் காட்டுகிறார்கள். ஆனால், தண்ணீர் சுடுகிறதா என்று கைத்தொலைபேசியில் தொட்டுப் பார்க்க முடியாது.