முள் தைத்த இடத்தில் நடப்பது

காலில் முள் தைத்தால் சில மணி நேரத்தில் அந்த இடம் சிவந்து, சூடேறி, விண்விண்ணென்று தெறிக்கிறது. கிருமியின் வேலை என்று நினைக்கிறோம். பெரும்பகுதி நம் உடம்பே செய்வது. 1882இல் இத்தாலியின் மெசினா நகரில், கண்ணாடிபோல் உள்ளே தெரியும் நட்சத்திர மீன் குஞ்சு ஒன்றில் ரோஜா முள்ளைச் செருகினார் விலங்கியலாளர் இலியா மெச்னிக்கோவ். மறுநாள் காலை, நகரும் உயிரணுக்கள் முள்ளை மொய்த்துக்கொண்டிருந்தன. இரத்தக் குழாய்கூட இல்லாத உயிருக்கும் இந்தக் காவல் உண்டு. நம்மிடம் முதலில் ஓடிவருபவை நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்கள். கிருமிகளை விழுங்கி, தாமும் மடிந்து குவிந்தால் அதுதான் சீழ்.

ஆனாலும் வெகுகாலம் இந்தக் காவலை ஆள் அடையாளம் தெரியாத வாயிற்காவலனாகவே கருதினார்கள். குறிப்பிட்ட கிருமியை இனங்கண்டு தாக்குவது ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம்தானே, பெருமை அதற்குத்தானே என்பது நியாயமான கேள்வி. ஆனால் புதிய கிருமிக்கு ஆன்டிபாடி தயாராக ஒரு வாரமாவது ஆகும். சில பாக்டீரியாக்களோ இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அதைவிட முக்கியமான ஒன்றை 1989இல் நோயெதிர்ப்பியலாளர் சார்லஸ் ஜேன்வே எடுத்துக்காட்டினார். சுத்தமான புரதத்தை மட்டும் ஊசியில் ஏற்றினால் உடம்பு பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை; படிகாரம் போன்ற அலுமினிய உப்போ, செத்த பாக்டீரியாவோ கலந்தால்தான் விழித்துக்கொள்கிறது. அப்படியென்றால் எதிர்ப்பைத் தொடங்கவா வேண்டாமா என்று தீர்மானிப்பதே அந்த வாயிற்காவலன்தான் என்றார் அவர். காவலன் கிருமியை எப்படி உணர்கிறான் என்பதற்குத் தடயம் பின்னர் கிடைத்தது. 1996இல் ஜூல் ஹாஃப்மன் குழு, 'டோல்' மரபணு பழுதான பழ ஈக்கள் பூஞ்சைத் தொற்றில் மடிவதைக் காட்டியது. 1998இல் புரூஸ் பாய்ட்லர், பாக்டீரிய நச்சை உணரும், அதே குடும்பத்து உணர்வியை எலிகளில் கண்டார். 2011 நோபல் பரிசில் இருவருக்கும் பங்கு கிடைத்தது.

அந்த உணர்வி பழுதான பாய்ட்லரின் எலிகள் விசித்திரமானவை. மற்ற எலிகளைக் கொல்லும் அளவு பாக்டீரிய நச்சு ஏற்றினாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் உயிருள்ள சால்மோனெல்லா கொஞ்சம் நுழைந்தாலே செத்துப்போகும். நச்சை உணராததால் தப்பியவை, கிருமியை உணராததால் மாண்டன. காவல் இவ்வளவு அவசியமென்றால் கூட்டிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். 'எதிர்ப்பு சக்தி' என்று எழுதி விற்கும் பானங்கள் நம்பியிருப்பதும் இந்த ஆசையைத்தான். ஆனால் காலில் மட்டும் ஒலிக்க வேண்டிய எச்சரிக்கை மணி உடம்பெங்கும் ஒலித்தால் இரத்தக் குழாய்கள் கசிந்து, இரத்த அழுத்தம் சரிந்து, உறுப்புகள் ஒவ்வொன்றாய் ஓய்கின்றன. செப்சிஸ் அதுதான். சரி, அடக்கிவிடலாமா? அதே உணர்வியை அடைக்கும் எரிட்டோரான் மருந்தைக் கடும் செப்சிஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2013இல் முடிவு வெளியானது: இறப்பு குறையவில்லை.